பூமாரி ஸ்டாப் வழியாகக் கோயிலுக்கு

பாண்டிச்செல்வி மூன்று வருடமாக ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்தாள். குடியிருந்தாள் என்பதைவிட அங்கே தூங்கினாள் என்பதுதான் சரி. அவளை மாதிரித் தூங்கிய ஆளை அந்தத் தாலுகாவே பார்த்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து தூங்குவாள். குழாயடியில் குடத்தைப் பிடித்தபடி நின்று தூங்குவாள். கேன்டீனில் தட்டை நீட்டிவிட்டு, சாம்பார் வந்து விழுவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடுவாள்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். லைனில் நின்றால் அவள் கைக்கு நாலு கை சமானம். காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டும் கம்பெனியில் வேலை. ஒரு காருக்குள் எவ்வளவு ஒயர் இருக்கிறது தெரியுமா? உருவி நீட்டினால் இலங்கைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அத்தனையையும் பெரிய பலகையில் அடித்திருக்கும் ஆணிகளைச் சுற்றி வளைத்து, டேப் ஒட்டிக் கட்ட வேண்டும். சிவப்பு ஒயர் நாலாம் ஆணியைச் சுற்றி ஏழாம் ஆணிக்குப் போக வேண்டும் என்றால் அப்படித்தான் போக வேண்டும். புதிதாக வந்தபோது, 'சுற்றுவானேன், நேரா இழுத்தால் என்ன?' என்று ஒரு தரம் இழுத்துவிட்டாள். சூப்பர்வைசர் தணிகாசலம் அன்று திட்டிய திட்டில் ஒயரின் ரப்பரே உருகியிருக்கும். அதிலிருந்து குறுக்கு வழி என்றாலே அவள் பத்தடி தள்ளி நிற்பாள்.

காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். ஏறும்போது இருட்டு. இறங்கும்போது அவளுக்குக் கண் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை ஓடி, அதாவது ஓவர்டைம். ஓடி இல்லாத ஞாயிறு துணி துவைக்கவும், மிச்சத் தூக்கத்தைத் தூங்கவும் சரியாகப் போய்விடும். ஆகவே அந்த ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பாதிக் கண்ணில் பார்த்ததுதான்.

கம்பெனி பஸ்ஸுக்கு ஸ்டாப் போர்டெல்லாம் கிடையாது. எந்த இடத்தில் எந்தப் பெண் ஏறுகிறாளோ அந்த இடத்துக்கு அவள் பெயர். ரைஸ் மில் முக்கு என்று சொன்னால் டிரைவருக்கே புரியாது. பூமாரி ஸ்டாப் என்றால்தான் பிரேக் பிடிப்பார். பூமாரி கல்யாணமாகிச் சிவகாசிக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. கையில் பிள்ளைகூட வந்துவிட்டது. ஆனாலும் அது பூமாரி ஸ்டாப்தான். பாண்டிச்செல்வியின் ஹாஸ்டல் முக்குதான் முதல் ஸ்டாப். அங்கிருந்து பஸ் பெரிய ரோட்டைப் பிடித்து, பூமாரி ஸ்டாப், தங்கமாரி ஸ்டாப் என்று ஊரையே வளைத்துக்கொண்டு வந்து, கடைசியாக இசைவாணி ஸ்டாப்பில் நிற்கும். அந்த இடத்தில்தான் இடது பக்கம், பாதித் தூக்கத்தில், நீலமாக ஒரு கோபுரத்தின் தலை தெரியும்.

அந்த ஒரு தலையை வைத்துக்கொண்டு அவள் அளந்த அளப்பு இருக்கிறதே!

வாராவாரம் எஸ்டிடி பூத்திலிருந்து சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போன் போடுவாள். அப்பா கோமதிநாயகம் மாட்டுத்தீவனக் கடையில் காத்திருந்து பேசுவார்.

"எப்பா, இங்கன கோயில் கோபுரம் இருக்கு பாருங்க, உச்சியில போயி உக்காரணும்னா காக்கா நடுவுல ரெண்டு எடத்துல எறங்கி மூச்சு வாங்கிட்டுத்தான் போவும். கொளத்துல மீனு ஒவ்வொண்ணும் நம்ம செவலக் கன்னுக்குட்டி தண்டி. தேரு இருக்குல்லா தேரு, அது வீதியில திரும்பவே ஒரு நாளாவும். பூக்காரம்மா இருக்காங்க, என்னையக் கண்டா, 'வா பாண்டிச்செல்வி'ன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டுத் தலையில வச்சு விடுவாங்க."

காரணம் இல்லாமல் அளக்கவில்லை. அனுப்பும்போதே அப்பா ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். "ஊரோட பழகி, நாலு பேருக்குத் தெரிய இருந்தா இரு. நாலு செவுத்துக்குள்ள கெடக்கதுக்கு நம்ம வீட்டுச் செவுரே போதும்."

தீபாவளிக்கு முன்னால் பெர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது என்று பேச்சு. லிஸ்டில் பாண்டிச்செல்வி பெயர் இருக்கும் என்று தணிகாசலமே ஜாடை காட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் போனில் அப்பா குண்டைப் போட்டார்.

"ஒங்க அத்தை வாரா ஞாயித்துக்கிழமை. சுத்திப் பாத்துட்டு, ஊரும் சரி புள்ளையும் சரின்னு சொன்னா நீ அங்கனயே இரு. இல்லைன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு சாயங்கால ரயிலுக்கு அவகூட வந்துரு. அக்கா சொல்லு மேல எனக்குச் சொல்லு கெடையாது."

பாண்டிச்செல்விக்கு அந்த வாரம் பூராவும் தூக்கம் வரவில்லை. லைனில் எல்லாரும் கூடி நின்று அதை அதிசயமாகப் பார்த்தார்கள்.

அத்தை நாச்சியார் சாதாரண ஆள் இல்லை. வருடா வருடம் திருச்செந்தூருக்கு நடந்தே போகிறவள். அவளோடு கிளம்பியவர்கள் பாதி வழியில் கால் வீங்கி லாரி பிடிக்கும்போது, அத்தை முன்னால் போய்க் குளித்து, சாமி கும்பிட்டு, 'இன்னுமா வரலை' என்று தேடி எதிரே நடந்து வருவாள். எந்த ஊருக்குப் போனாலும் அதை நடந்துதான் பார்ப்பாள். ஆட்டோவில் ஏறிப் பார்த்த ஊரெல்லாம் பார்த்த கணக்கில் சேராது என்பது அவள் சட்டம்.

"கோயிலுக்கு வழி தெரியுமாடி?" என்று ரூம் தோழி சுகப்பிரியாவிடம் கேட்டாள் பாண்டிச்செல்வி. அந்த ரூமில் எட்டுப் பேரில் கோயிலுக்குப் போன ஒரே ஆள் அவள்தான்.

"தெரியாதே. நல்ல மழையில ஆட்டோல போனேன். ரெண்டு பக்கமும் படுதாவ இறக்கி விட்டுட்டான். எறங்கினா கோயில், ஏறினா ஹாஸ்டல். நடுவுல ஊரு இருந்துச்சான்னே தெரியாது."

ஞாயிறு காலை ஆறரைக்கு அத்தை வந்து இறங்கினாள். ஒயர்கூடை நிறைய முறுக்கு. வந்ததும் குளித்தாள்; ரயில் அழுக்குப் பட்ட சேலையை அலசி மொட்டைமாடியில் காயப்போட்டாள். கிளிப்பச்சையில் அரக்குக் கரை; ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் மேயும் மாடுகூட நிமிர்ந்து பார்க்கும் நிறம். கீழே வந்து கொண்டையை முடிந்தாள்.

"கெளம்பு. கோபுரம், கொளத்து மீனு, தேரு, ஒன்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுத பூக்காரி. நாலையும் கண்ணால பாக்கணும்."

மூன்று வருடத்துப் பொய்யில் ஒன்றுகூட அத்தைக்கு மறக்கவில்லை. போலீஸில் சேர்ந்திருந்தால் அந்த ஜில்லாவில் திருட்டே இருந்திருக்காது.

பாண்டிச்செல்விக்குத் தெரிந்தது ஒரே வழி. பஸ் போகிற வழி. ஆணி ஆணியாக ஒயர் போகிற மாதிரி, ஸ்டாப் ஸ்டாப்பாக அதே வழியில் அத்தையை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய ரோட்டுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே நீளமான லாரி ஒன்று, புத்தம் புதுக் கார்களை மேலே நாலு கீழே நாலாக அடுக்கிச் சுமந்துகொண்டு போனது.

"ஏட்டி, இதென்னட்டி அநியாயம்! காருன்னா மனுசனைத் தூக்கிட்டுப் போவும். இங்கன காரையே இன்னொண்ணு தூக்கிட்டுப் போவுதே! அதுக்குக் காலு வலிக்கா?"

"புதுக் காரு அத்தை. இன்னும் நடக்கப் பழகல."

"அதுக்குள்ள நீ கெட்டின ஒயரு இருக்குமா?"

"இருக்கும் அத்தை."

அவ்வளவுதான். அதற்கப்புறம் போன ஒவ்வொரு லாரிக்கும் அத்தை கை காட்டினாள். "எங்க வீட்டுப் புள்ள கெட்டின ஒயருய்யா, பாத்துப் போங்க!" என்று டிரைவர்களுக்குப் புத்தி சொன்னாள். ஒரு டிரைவர் பதிலுக்கு ஹாரன் அடித்தான். அத்தைக்கு வயது இருபது குறைந்தது.

முக்கால் மணி நேரம் நடந்த பிறகு, "அடுத்து எதுட்டி?" என்று கேட்டாள்.

"பூமாரி ஸ்டாப்பு அத்தை. அது வந்துட்டா பாதித் தூரம்."

அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. ரோட்டோரம் புது பைக்கை நிறுத்தி, அதைக் குழந்தை முகத்தைத் துடைப்பது மாதிரித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், "ஐயா, பூமாரி ஸ்டாப்பு இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் பெயர் மண்ணாங்கட்டி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"பூமாரி ஸ்டாப்பா? அப்டி ஒண்ணு இந்த ஜில்லாலியே கெடியாதேமா. எங்க போவணும் நீங்க?"

"கோயிலுக்கு."

"கோயிலுக்கா? கோயிலு அந்தாண்ட கீது. நீங்க இன்னாத்துக்கு இந்தாண்ட போய்கினுகீறீங்கோ?"

பாண்டிச்செல்வி அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க அத்தை. அவரு வெளியூரு. பாவம், வழி தெரியாது."

"யாரும்மா வெளியூரு? எங்க தாத்தா இங்க பொறந்தாரு, எங்க நைனா இங்க பொறந்தாரு, நான் இங்க பொறந்தேன்!" என்று மண்ணாங்கட்டி கையில் துணியோடு கத்திக்கொண்டே இருந்தார். பாண்டிச்செல்வி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நேராகப் போகலாம் என்று ஒரு தரம் நினைத்துக் கெட்டவள் அவள். தணிகாசலத்தின் குரல் இன்னும் காதில் இருந்தது.

பூமாரி ஸ்டாப் வந்தது. தங்கமாரி ஸ்டாப் வந்தது. வெயிலும் வந்தது. பாண்டிச்செல்விக்கு நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அத்தையோ இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பியவள் மாதிரிக் கையை வீசிக்கொண்டு வந்தாள். பத்தரை மணிக்கு இசைவாணி ஸ்டாப் வந்து, ஒரு வீதிக்குள் திரும்பினார்கள்.

கோபுரம்.

முழுசாக, அடி முதல் உச்சி வரை, பட்டப்பகல் வெளிச்சத்தில் நின்றது. பாண்டிச்செல்வி வாயைப் பிளந்துவிட்டாள். மூன்று வருடமாகப் பார்த்தது தலையை மட்டும்தான். அதற்கு உடம்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வீதியின் இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. வாசலுக்கு வாசல் கோலம். எங்கேயோ புளியோதரைக்குத் தாளிக்கிற வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. அவளுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மூன்று வருடம் பழகியவள் குதிக்கக் கூடாதே! மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் அத்தை, நான் சொன்ன கோபுரம்" என்றாள்.

அத்தை கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம், குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி. அது என் சேலைல்லா?"

கிளிப்பச்சை, அரக்குக் கரை. காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே சுகப்பிரியாவின் பழுப்பு யூனிஃபாரமும் ஆடியது. ஹாஸ்டலின் பின்சுவர், அதைத் தாண்டி ஒரு சின்னச் சந்து, சந்தைத் தாண்டினால் குளம். மாடியில் துணி காயும் இடத்திலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியாதபடி தண்ணீர்த் தொட்டி மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் மெதுவாகப் பல் தேய்த்துக்கொண்டே நடந்தால்கூட, நுரை காய்வதற்குள் வந்து சேர்ந்துவிடலாம்.

அத்தை மாடியைப் பார்த்தாள். வந்த வழியைப் பார்த்தாள். பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். திருச்செந்தூருக்கே வலிக்காத கால் அந்த நிமிடம்தான் முதல் முறையாக வலித்திருக்க வேண்டும். குளத்துப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"உண்மையச் சொல்லு. இந்தத் தெருவுக்கு நீ இதுக்கு முந்தி எத்தனை தடவை வந்திருக்க?"

"இதுதான் மொதத் தடவை அத்தை."

"கோயில் மணியாவது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. பக்கத்து வீட்டு டிவியில பக்திப் படம் ஓடுதுன்னு நெனச்சேன்."

"மூணு வருசமா ஒரே படமாட்டி ஓடும்?"

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன்ல அளந்ததெல்லாம்?"

"பஸ்ல தூங்கிக்கிட்டே பாத்தது."

அத்தை எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒனக்கு இந்த ஊரு தெரியாது, இந்த ஊருக்கு ஒன்னையத் தெரியாது. நாளைக்கே ஒனக்கு ஒண்ணு ஆனா யாருன்னு சொல்ல ஆளு இல்ல. ஒங்கப்பன் பயந்தது சரிதான். நட, பெட்டியக் கட்டு. சாயங்காலம் ரயிலு."

பாண்டிச்செல்விக்குப் பெர்மனென்ட் லிஸ்ட், பலகை, ஆணி, லைனில் அவள் நிற்கும் இடம் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. அழுதால் அத்தைக்குப் பிடிக்காது. அதனால் கேட்டுவிட்டாள்.

"வாரேன் அத்தை. பெட்டி கட்ட பத்து நிமிசம் போதும். ஆனா பன்னெண்டு மணிக்கு நடை சாத்திருவாக. இம்புட்டுப் பொய் சொன்னவ, நெசத்த ஒரு தரம் பாத்துட்டு வந்துருதேனே."

அத்தை கோபுரத்தை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "செரி, வா. இம்புட்டு நடந்தாச்சு, பாக்காமப் போனா காலு என்னையச் சும்மா விடாது."

உள்ளே போன பாண்டிச்செல்வியை அதற்கப்புறம் யாராலும் பிடிக்க முடியவில்லை. மூன்று வருடம் மூடிக் கிடந்த கண்ணை மொத்தமாகத் திறந்துவிட்டாள். ராமானுஜர் பிறந்த ஊர் இதுதான் என்று அர்ச்சகர் சொன்னதும், "இங்கனயா? நெசமாவா? எங்க ஹாஸ்டலுக்குப் பின்னாலயா?" என்று கேட்டுவிட்டாள். அர்ச்சகர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்க ஹாஸ்டல்தான்மா இதுக்குப் பின்னால" என்றார்.

மண்டபத்துக்குள் தூண் தூணாக ஓடினாள். ஒவ்வொரு தூணிலும் ஏதாவது ஒரு சிற்பம். கம்பெனியில் பழகிய கண் சும்மா இருக்குமா? தூணைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, தடவிப் பார்த்துச் செக்கிங் போட ஆரம்பித்துவிட்டாள்.

"இது ஓகே அத்தை. இது ஓகே. அய்யய்யோ, இந்தக் குதிரைக்குக் காது உடைஞ்சிருக்கு. ரிஜெக்ட்டு. இந்தப் பொண்ணு மூக்கு தேஞ்சிருக்கு, ரீவொர்க்குக்கு அனுப்பணும். ஆனா இத பாருங்க அத்தை! இந்தக் கொடி எங்கயும் அறுபடாம கீழேருந்து மேல வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடுது. இதச் செதுக்கினவரு எங்க லைனுக்கு வந்தா தணிகாசலம் சாரு எந்திரிச்சு நின்னு கும்பிடுவாரு."

"மெதுவாப் பேசுட்டி, சாமி முழிச்சிரப் போவுது" என்றாள் அத்தை. ஆனால் அவளும் இன்னொரு தூணைத் தடவிக்கொண்டுதான் இருந்தாள். "இத பாரு, இந்த ஆனைக்குத் தும்பிக்கைய மடக்கிருக்கான் பாரு. நம்ம ஊருக் கோயில் ஆனை இப்பிடித்தான் தேங்கா வாங்கும்."

நடை சாத்தும் வரை இருந்தார்கள். சாத்திய பிறகு வீதிகளைச் சுற்றினார்கள். தகரக் கொட்டகைக்குள் தேர் நின்றது. அத்தை சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்று அளந்தாள். அத்தையைவிடச் சக்கரம் உயரம். "இதுவரைக்கும் நீ சொன்னதுல இது ஒண்ணுதான் கொஞ்சம் நெசம்" என்றாள். குளத்தில் முறுக்கை உடைத்துப் போட்டார்கள். கன்றுக்குட்டி அளவில் மீன் எதுவும் வரவில்லை. விரல் அளவில் நானூறு மீன் வந்து தண்ணீரையே கொதிக்க வைத்தன. காப்பிக்கொட்டை அரைக்கும் ஒரு சின்ன மில், வடகம் காயும் கூரைகள், ஒரே சுவரில் ஆறு வருடத்து எலக்‌ஷன் சின்னங்கள், ஆள் இல்லாத ஒரு மண்டபத்தில் சீட்டாடும் நாலு பேர். ஒவ்வொரு முக்கிலும் பாண்டிச்செல்வி, "இந்தச் சந்து எங்க போவும்? வாங்க, பாப்போம்!" என்று ஓடினாள். குறுக்குச் சந்தாகப் பார்த்துப் பார்த்து நுழைந்தாள். ஒரு சந்து மாட்டுக் கொட்டகையில் முடிந்தது. ஒரு சந்து யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்கே போய்விட்டது. அந்த வீட்டுக்காரம்மா தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

நடப்பதில் அத்தையை ஒருத்தி தோற்கடித்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு வீதி முக்குக்கு, அதாவது இசைவாணி ஸ்டாப்புக்கே, திரும்பி வந்தார்கள். அங்கே ஒரு அம்மா பலகை போட்டுப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் இவர்கள் வந்தபோது பலகை மட்டும்தான் இருந்தது. பாப்பம்மாள் என்று பெயர். விரல்கள் தன்னால் முடிச்சுப் போட, அவள் தெருவையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை குறும்பாகச் சிரித்தாள். "இந்தா, நாலாவது பாக்கி. 'வா பாண்டிச்செல்வி'ன்னு கூப்பிடுதாளான்னு பாப்போம்."

"வேண்டாம் அத்தை, வாங்க போவோம்."

பூக்கட்டுகிறவள் நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கினாள். கையில் இருந்த நூலைக் கீழே போட்டாள்.

"அடடே! பாண்டிச்செல்வி தானே நீ?"

பாண்டிச்செல்வி பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு ஏதாவது பாண்டிச்செல்வி நிற்கிறாளோ என்று. அத்தைக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஒங்களுக்கு இவளைத் தெரியுமா?"

"இன்னாமா இப்டி கேட்டுட்ட? டெய்லி பாக்கறேனே. விடிகாலைல அந்த கம்பெனி பஸ்ஸு இங்கதான் நிக்கும். இசைவாணின்னு ஒரு பொண்ணு, என்னிக்கும் லேட்டு. அது ஓடியாற வரிக்கும் பஸ்ஸு ஹாரன் அட்ச்சிகினே கெடக்கும். அந்த ஹாரனுக்கு ஊரே முழிச்சிக்கும், இது மட்டும் முழிக்காது. மூணாவது ஜன்னலாண்ட கண்ணாடில நெத்திய வச்சிகினு, வாயத் தொறந்துகினு தூங்கும். எங்க வூட்டுக் கொயந்த மாரி கீதேன்னு டிரைவரு தாண்டவராயன் கையில பேரு கேட்டேன். பஸ்ஸுல சாமி படத்துக்குப் பூ என்கிட்டதான் வாங்குவாரு."

"வாயத் தொறந்துக்கிட்டா?" என்று பாண்டிச்செல்வி முனகினாள்.

"ஆமா, ஈ போய் வூடு கட்டற அளவுக்கு. இன்னிக்குத்தான் மூஞ்ச நேரா பாக்கறேன்." பாப்பம்மாள் அத்தை பக்கம் திரும்பினாள். "போன பங்குனில இதுக்கு அம்மை போட்டுச்சு பாரு, பத்து நாளு ஜன்னல்ல ஆளு இல்ல. எனக்கு இன்னாவோ மாரி ஆய்ப்போச்சு. தாண்டவராயன கேட்டா அம்மைன்னாரு. நான்தான் வேப்பிலய ஒடிச்சி பஸ்ஸுல குடுத்தனுப்பனேன். வந்துச்சாமா?"

பாண்டிச்செல்வி ஓரக்கண்ணால் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். வேப்பிலை வந்தது. ஹாஸ்டல் வார்டன் அனுப்பியது என்று நினைத்திருந்தாள். ஆனால் இப்போது சிக்கல் அது இல்லை. அம்மை போட்ட விஷயமே அப்பாவுக்கோ அத்தைக்கோ தெரியாது. அந்தப் பத்து நாளும், 'ஓடி அதிகம்பா' என்றுதான் போனில் சொல்லியிருந்தாள்.

அத்தை மெல்லத் திரும்பினாள். "அம்மையா?"

"சின்ன அம்மைதான் அத்தை. சொன்னா அப்பா ராத்திரியோட ராத்திரியா வந்து கூட்டிட்டுப் போயிருவாகன்னு..."

"வாய மூடு."

பாண்டிச்செல்வி மூடினாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. பூக்காரியின் பலகைக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க இவகூட ஒரு வார்த்த பேசினதுண்டா?"

"எங்கமா பேசறது? அதுதான் கண்ணே தொறக்கலியே."

"பேசாமலா வேப்பிலை அனுப்பிச்சீங்க?"

"பேசினாத்தான் அனுப்பணுமா? நல்லா கேட்ட போ." பாப்பம்மாள் கதம்பத்தில் ஒரு துண்டை அறுத்துப் பாண்டிச்செல்வியைக் குனியச் சொல்லித் தலையில் வைத்தாள். "ஞாயித்துக்கெயமைல ஒரு நட வா. மூஞ்சிய முழிச்சிகினு வா."

ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று பாண்டிச்செல்வி தலையைக் குனிந்தபடி நின்றாள். அத்தை எழுந்தாள். ஒயர்கூடையில் மிச்சம் இருந்த முறுக்கு முழுவதையும் பாப்பம்மாளின் பலகையில் கொட்டினாள். "போன் பூத்து எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பூத்தில் அத்தை ரிசீவரை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். சங்கரன்கோவிலுக்கு நேராகவே கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அப்படி ஒரு சத்தம்.

"ஏல கோமதி, நான்தான். ஆமா, பாத்தாச்சு. ஒம்மவ ஒரு பொய்யிமூட்டை. கோபுரத்தையும் பாக்கல, கொளத்தையும் பாக்கல, மூணு வருசமா கோயிலு முதுகுலயே சாஞ்சு தூங்கிருக்கா."

பாண்டிச்செல்வி பூத் கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அப்பா கத்துவது வெளியே வரை கேட்டது.

"கத்தாதல. நான் இன்னும் முடிக்கல. அவளுக்குப் பங்குனியில அம்மை போட்டுருக்கு, ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. இங்கன ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த பேசாதவ, பஸ்ஸுல ஆளைக் காணுமேன்னு தேடிருக்கா, வேப்பிலை ஒடிச்சு அனுப்பிருக்கா. நம்ம ஊர்ல எனக்குக் காச்சல்னா, எதுத்த வீட்டுக்காரி வந்து எட்டிப் பாக்க மூணு நாளாவும். அவ என் நாத்தனா வேற."

அந்தப் பக்கம் அப்பா ஏதோ மெதுவாகக் கேட்டார்.

"இவளுக்குத்தாம்ல ஊரைத் தெரியல. ஊருக்கு இவளைத் தெரிஞ்சிருக்கு. நீ கேட்டது அதத்தான? இருந்துட்டுப் போறா. பெர்மனெண்டு ஆவட்டும்." அத்தை ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். "இனிமே அம்மை வந்தா மொதப் போன் எனக்கு வரணும். வரல, நடந்தே வந்து தோலை உரிப்பேன்." பாண்டிச்செல்வி தலையை ஆட்டிய ஆட்டில் கழுத்து சுளுக்கியிருக்கும். தலையில் வைத்த கதம்பம் அவிழ்ந்து தோளில் விழுந்தது.

அத்தை மறுபடியும் ரிசீவரைக் காதில் வைத்தாள். "என்ன? ரயிலா? நாளைக்குப் போறேன்ல. அந்தப் பூக்காரிகிட்ட இன்னும் பேசி முடிக்கல. பேசவே ஆரம்பிக்கல."

பூத்தை விட்டு வெளியே வந்ததும் அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கோயில் நடை திறக்கும் மணி அடித்தது. பாண்டிச்செல்வி இந்தத் தடவை அது டிவி இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தக் காப்பிக்கொட்ட மில்லுக்குப் பின்னாடி ஒரு சந்து போச்சே, அது எங்கட்டி போவும்?"

"தெரியாது அத்தை!" என்று கத்திக்கொண்டே பாண்டிச்செல்வி முன்னால் ஓடினாள். "வாங்க, பாப்போம்!"